கிட் வாங்குமுன் பிளாக்கைப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய அமெரிக்க மசில் கார்களை (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்களை)ப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை விருப்பத்தோடு எழுதப்பட்டது, படங்களும் அழகு. ஆனால் எஞ்சின் அளவைச் சொன்னால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் அத்தனையும் ‘கிட்’ என்று ஒரே பெட்டியில் வந்துவிடும் என்று பெட்டிச் செய்தியில் போட்டிருப்பது காசைக் கரியாக்கும் யோசனை. வருடக்கணக்கில் கொட்டகையில் கிடந்த எஞ்சினுக்குப் பாகம் கிடைக்காமல் போவது அபூர்வம். முதலில் வாங்கிவிட்டு, பிறகு அளந்து பார்த்து, பொருந்தாத பெட்டியைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் விழிப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. பான்டியாக் என்ற அமெரிக்க கார் பிராண்டின் 400 எஞ்சினை வைத்தே சொல்கிறேன். இதில் ஏமாற இடம் அதிகம்.

முதல் குழி அந்த 400 என்ற எண்தான். அது கன அங்குலக் கணக்கு. பான்டியாக் இந்த எஞ்சினை 1967 முதல் 1978 வரை செய்தது, ஜி.டி.ஓ., ஃபயர்பேர்ட் இரண்டிலும் வந்தது. போர் (சிலிண்டரின் விட்டம்) 4.12 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.75. செவ்ரோலேவிடமும் ஒரு 400 உண்டு: போர் 4.125, ஸ்ட்ரோக் அதே 3.75. ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) இரண்டுக்கும் ஒன்றே: 1-8-4-3-6-5-7-2. காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பிஸ்டன், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பாகம்), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எதையும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற முடியாது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசைகூட எதிரெதிர்: மேலிருந்து பார்த்தால் செவ்ரோலே கடிகார முள் போகும் பக்கம் சுற்றும், பான்டியாக் அதற்கு எதிர்ப்பக்கம்.

ஃபயர்பேர்டின் ஒரு வகையாக 1977 முதல் 1979 வரை வந்த டிரான்ஸ் ஆம் காரில் குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம். சிலவற்றில் பான்டியாக் 400 (1979 காரில் முந்தைய வருடம் செய்து வைத்தது), சிலவற்றில் ஓல்ட்ஸ்மொபீல் 403, இரண்டுமே 6.6 லிட்டர்தான். பானட்டின் மேலுள்ள ஸ்கூப்பில் ‘டி/ஏ 6.6’ என்றிருந்தால் அது பான்டியாக்கின் கூடுதல் சக்தி கொண்ட 400. வெறுமனே ‘6.6 லிட்டர்’ என்றிருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம் என்பதால் எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். ஓல்ட்ஸ்மொபீலில் ஆயில் ஊற்றும் குழாய் எஞ்சினின் முன்பக்கம் உயரமாக நிற்கும். பான்டியாக்கில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாய்த் தொகுதிக்கு)க் கீழே, நடுப்பள்ளத்தை மூட, தனியாக ஒரு தகட்டு மூடி இருக்கும். செவ்ரோலேவில் மேனிஃபோல்டே அந்த மூடி.

இனம் தெரிந்ததும் எண்களைப் படிக்க வேண்டும். பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள அடி வார்ப்பின்) பின்புறம், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்துக்கு அருகே, வார்ப்பு எண்ணும் தேதியும் இருக்கும். கிரீஸும் அழுக்கும் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருக்கும் இடம் அது; மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் இல்லாமல் எதுவும் தெரியாது. தேதியில் முதல் எழுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர்), அடுத்து நாள், கடைசி இலக்கம் வருடம். ‘டி207’ என்றிருந்தால் ஏப்ரல் 20, 1967 ஆகவும் இருக்கலாம், 1977 ஆகவும் இருக்கலாம். அதைத் தீர்ப்பது வார்ப்பு எண். 500557 என்றிருந்தால் எழுபதுகளின் நடுவில் எடையைக் குறைத்து வார்த்த பிளாக். சாதாரண ஓட்டத்துக்குப் போதும், சக்தியை ஏற்றிப் பார்க்க அதில் காசு போட வேண்டாம். 481988 அதைவிடத் திடமானது. ஹெட்டின் எண்ணைத் தேட வேண்டியதே இல்லை; நடு எக்ஸாஸ்ட் போர்ட்டுகளின் மேல் பெரிதாக வார்த்திருப்பார்கள்: 12, 16, 62, 6எக்ஸ் என்று.

இறுகிப்போன எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்ற முயலக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சமபங்கு கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, நாலைந்து நாள் ஊற விட்டு, கிராங்க் முன்முனை போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். நெருப்பு அண்டாத, காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

பிரிக்கும்போது ஆயில் பேனில் தேங்கிய சேற்றை அப்படியே கொட்டிவிடாதீர்கள். பழைய வேட்டித் துணியில் ஊற்றி வடிகட்டிப் பாருங்கள். பழுப்பு மஞ்சளாக, உடைந்த பல் போலச் சின்னச் சின்னத் துண்டுகள் துணியில் தங்கினால் அது டைமிங் கியரின் நைலான். சத்தம் குறையட்டும் என்று கேம் கியரின் அலுமினிய வட்டுக்கு நைலான் பல் கட்டி அனுப்பினார்கள். வருடக்கணக்கான சூட்டில் அது உலர்ந்து உதிரும். உதிர்ந்த துண்டு ஆயில் பம்பின் வலையை அடைத்தால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. வலையைத் தாண்டிப் பம்ப் பற்களுக்குள் புகுந்தால் பம்பே இறுகி அதன் தண்டை முறிக்கும். துண்டுகளைக் கண்டவர்கள் டைமிங் செட்டோடு நிறுத்தாமல் பம்ப், பம்ப் தண்டு, உறிஞ்சு குழாய் மூன்றையும் புதிதாகப் போட வேண்டும். உறிஞ்சு குழாயின் வலை மடிப்புக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது.

இனி பிஸ்டன். பழைய பிஸ்டனின் தலையைச் சுரண்டினால் ‘030’ என்ற எண் தெரியக்கூடும். அப்படியானால் யாரோ ஒருமுறை போர் செய்துவிட்டார்கள் (சிலிண்டரை 0.030 அங்குலம் கடைந்து பெரிதாக்கிவிட்டார்கள்) என்று பொருள், 0.030 பெரிய பிஸ்டன் கிட் உங்களுக்கு உதவாது. பிளாக்கை முதலில் விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். பிறகு ஒலி அலை வைத்துச் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கிக் கிடந்த பிளாக்கில் துரு வெளியிலிருந்து தின்றிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 0.060 வரை போகலாமா என்பதை அந்த அளவுதான் சொல்லும். எந்த அளவு என்று முடிவான பிறகே பிஸ்டன் வாங்க வேண்டும். பிஸ்டன் பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகு, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப போரும் ஹோனும் (சுவரை நுட்பமாகத் தேய்த்து முடிப்பதும்). இந்த வரிசை மாறினால் யாரோ ஒருவர் இரண்டு முறை செலவு செய்ய நேரும்.

கம்ப்ரஷன் கணக்கையும் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பதை) வாங்குமுன் போட்டுவிட வேண்டும். 0.030 போர் செய்த 400இல் ஒரு சிலிண்டருக்கு 831 சி.சி. வருகிறது. கேஸ்கெட்டுக்கு 9.3, டெக் இடைவெளி (பிஸ்டன் உச்சிக்கும் பிளாக்கின் மேல்தளத்துக்கும் நடுவே) 0.020 அங்குலம் என்றால் 4.4, பிஸ்டனில் வால்வுக்கான பள்ளத்துக்கு 6 சி.சி. அறுபதுகளின் பிற்பகுதி ஹெட்களில் கலவை எரியும் அறை சுமார் 72 சி.சி.; கூட்டினால் விகிதம் 10க்குச் சற்று மேல் போகும். ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல் விற்ற காலத்துக்கு அது சரி. இன்று அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 91, 93 ஆக்டேனில், வார்ப்பிரும்பு ஹெட்டோடு, எஞ்சின் தட்டும் (கலவை தானாக வெடித்து டக்டக்கென அடிக்கும்). அறை 80 சி.சி. ஆனால் விகிதம் 9.3, நிம்மதியாக ஓடும். 6எக்ஸ் ஹெட்டின் அறை பெரிது, வகையைப் பொறுத்து 90க்கும் 100க்கும் பக்கத்தில். ஹெட்டை இழைத்து அறையைச் சிறிதாக்கலாம். ஆனால் ஹெட்டை இழைத்த அளவுக்கு இன்டேக் பக்கமும் இழைத்தால்தான் மேனிஃபோல்ட் போல்ட் நேராக இறங்கும். எண்ணை நம்பாமல் அறையில் அளவுக் குழாயால் திரவம் ஊற்றி அளந்துவிடுங்கள். ஐம்பது வருடத்தில் யார் எவ்வளவு இழைத்தார்களோ!

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. பான்டியாக் போட்டது வார்ப்பு ராட், நீளம் 6.625 அங்குலம். இந்த எஞ்சினின் பலவீனமான கண்ணி அதுதான். பழையதற்குப் புது போல்ட் போட்டுப் பெரிய துளையை வட்டமாக்கும் கூலியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) ராட் வந்துவிடும். பணத்தை மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள். ராட் முறிந்தால் பிளாக்கின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பேரிங் வாங்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: ராட் ஜர்னல் (ராட் பிடிக்கும் கிராங்கின் உருளைப் பகுதி) 400க்கும் பான்டியாக்கின் பெரிய எஞ்சினான 455க்கும் ஒன்றே, 2.25 அங்குலம். மெயின் ஜர்னல் (கிராங்க் பிளாக்கில் உட்காரும் பகுதி) 400க்கு 3.00, 455க்கு 3.25. கடையில் பெட்டி மாறுவது இங்கேதான்.

எந்த கிட்டிலும் வராத பாகங்கள் முன்பக்கம் இருக்கின்றன. வாட்டர் பம்புக்குப் பின்னால் ஒரு பிரிப்புத் தகடும், பிளாக்குக்குள் போகும் இரண்டு சிறு குழாய்களும் உண்டு. பல வருடம் மாற்றாத கூலன்ட்டில் தகடு பப்படம்போல் ஆகியிருக்கும். அது இல்லாமலோ, பம்ப் இறக்கையிலிருந்து விலகியோ பூட்டினால் எத்தனை பெரிய ரேடியேட்டர் போட்டாலும் சூடு குறையாது. 1968 வரை வாட்டர் பம்ப் 8 போல்ட், 1969 முதல் 11. பம்பும் அலுமினிய டைமிங் கவரும் ஒன்றுக்கொன்று மாறாது. 11 போல்ட் கவர் இப்போது புதிதாகவே செய்து விற்கிறார்கள். மேனிஃபோல்ட் பூட்டும்போது டைமிங் கவருக்குள் போகும் நீள போல்ட்டை முதலில் இறுக்கி ரப்பர் வளையத்தை அமுக்கிவிட்டு, அப்புறம் மற்ற போல்ட்டுகள். மாற்றிச் செய்தால் அங்கே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

கிராங்கின் பின்பக்க சீல் பழைய முறையில் கயிறு. அந்தக் கயிற்றுக்காகவே கிராங்கில் வரிவரியாகக் கீறியிருப்பார்கள். இன்றைய ரப்பர் சீல் போடுவதென்றால் அந்த வரிகளைப் பாலிஷ் செய்ய வேண்டும். இல்லையேல் அவை சீலின் உதட்டை அறுத்துவிடும். இறுக்கும் அளவு: மெயின் கேப் (கிராங்கைப் பிடிக்கும் மூடி) போல்ட் 100 பவுண்டு-அடி, பின் கேப் மட்டும் 120, ஹெட் 95.

புது கேமுக்குப் பழைய லிஃப்டர் (கேமின் அசைவை மேலே கடத்தும் பாகம்) ஆகாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டிரில்லால் பம்பைச் சுற்றி, வால்வை அமுக்கும் எல்லா ராக்கரிலும் எண்ணெய் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். டிரில்லை ரிவர்ஸில் வையுங்கள், பான்டியாக் பம்ப் அந்தத் திசை. ஓடத் தொடங்கியதும் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். எண்ணெய், துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடிய பிரேக்-இன் (முதல் ஓட்டத்துக்கான) ரகம். இன்றைய கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸ் பத்து லட்சத்தில் 800 பங்குக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அது இந்த கேமின் முனைகளைக் காக்காது.

உங்கள் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் அளவு என்று அச்சிட்ட இடத்தில் பிளாக்கின் வார்ப்பு எண், தேதி, ஹெட் எண், பட்டறையில் எடுத்த போர் அளவு என நான்கையும் போட்டால் போதும். அடுத்த மாதம் கொட்டகைக் கதவைத் திறக்கப்போகிற வாசகர் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறை வேலை தெரிந்த ஒரு வாசகர்,
மிச்சிகன்