தோற்பதற்கு ஏன் பரிசு?

ஆசிரியருக்கு,

பிளேஆஃப் எனும் கோப்பைச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பை இழந்த ஐஸ் ஹாக்கி அணி, நல்ல டிராஃப்ட் தேர்வுக்காக மிச்ச ஆட்டங்களைத் தோற்பதே புத்திசாலித்தனம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை சொல்கிறது. டிராஃப்ட் என்பது அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை; பட்டியலில் கீழே இருக்கும் அணிக்கே முன்னால் எடுக்கும் வாய்ப்பு அதிகம். என்னால் ஏற்க முடியவில்லை. வட அமெரிக்க லீகான என்எச்எல்லில் ஆடும் பஃபலோ சேபர்ஸ் அணி 2014-15 சீசனில் இளம் நட்சத்திரம் கானர் மெக்டேவிட் கிடைப்பார் என்ற நம்பிக்கையில் கடைசி இடத்துக்கு இறங்கியது. முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்யும் குலுக்கலில் எட்மன்டன் அணி வென்றதால் அவர் அங்கே போய்விட்டார். பஃபலோ எடுத்த ஜாக் ஐக்கலும் அருமையான ஆட்டக்காரர்தான்; ஆனால் அவர் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது 2023-இல், வேகாஸ் அணிக்காக. பஃபலோவோ 2012 முதல் 2025 வரை 14 சீசன் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. தோற்றுப் பழகிய அணியில் சேரும் இளம் வீரர் யாரைப் பார்த்து வெல்லக் கற்றுக்கொள்வார்?

2015 மார்ச்சில் பஃபலோ தன் சொந்த அரங்கில் அரிசோனாவுடன் மோதியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் அடித்ததும் உள்ளூர் ரசிகர்களே ஆரவாரம் செய்தார்கள். உயிரைக் கொடுத்து ஆடியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! சரி, ரசிகர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, டிராஃப்ட் விதிமுறை அப்படி. மகளிர் லீகான பிடபிள்யூஎச்எல்லில், பிளேஆஃப் வாய்ப்பு போன பிறகு அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்கே முதல் தேர்வு. என்எச்எல்லும் இந்த முறையைக் கொண்டுவர வேண்டும்.