சிசிலிக்குப் போன பாட்டியும் ஜூலை மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் துப்பறியும் சிறுகதைகளுக்கு மறுபடியும் இடம் கொடுத்திருப்பது மிகுந்த மகிழ்ச்சி. அதிலும் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் மகள் வீட்டுக்கோ சுற்றுலாவுக்கோ இத்தாலி, கிரீஸ் பக்கம் போன இடத்தில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் நகைச்சுவைக் கதைகள் அடுத்தடுத்து வருகின்றன. இந்த வகைக் கதை தமிழில் நிலைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன். இப்போதைக்கு இவற்றில் ஊர் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகவே இருக்கிறது. வயது கேலிக்கு மட்டும் உதவுகிறது. இரண்டுமே துப்பாக வேலை செய்ய வேண்டியவை.

கொலைகாரனின் காலடித் தடத்தைக் கடல் ஏறிவந்து அழித்துவிட்டது என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டரில் சுமார் 14 கிலோமீட்டர் அகலமே உள்ள வாய் வழியாகத்தான் அட்லாண்டிக்கோடு சேர்கிறது. பெரும்பாலான கரைகளில் ஏற்றவற்றம் அரை மீட்டரைக்கூட எட்டாது. வெனிஸ் பக்கமும் துனிசியாவின் காபெஸ் வளைகுடாவும் விலக்கு. ஜூலை இரவில் இடி மின்னலோடு மழை கொட்டி ஊர் துண்டிக்கப்படுவதும் இதே போன்ற தவறுதான். அங்கே மழை குளிர்காலத்தில் வருவது. கோடை வறண்டு கிடக்கும். தீவைத் துண்டிக்க வேண்டும் என்றால் கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடலுக்குப் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கேயிருந்து மெல்தெமி காற்று நாள்கணக்கில் வீசும். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும். ஆனால் காற்று, அதன் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் பயணக் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். கொலைகாரன் உட்பட எல்லோரும் தீவில் மாட்டிக்கொள்ள, காபிக்கடை நாற்காலிகள் தெருவில் உருள, பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பலாம்.

ஆலிவ் காயை மரத்திலிருந்து பறித்துச் சுவைத்துத் தின்பதாக ஒரு கதையில் வந்தது. பச்சை ஆலிவ் வாயில் வைக்க முடியாத கசப்பு. உப்புநீரில் வாரக்கணக்கில் ஊறினால்தான் தின்ன முடியும். ‘தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன்’ என்று பீற்றிக்கொள்ளும் ஒருவன் வாயில் அந்த வரியை வைத்திருந்தால் அதுவே அருமையான துப்பாகியிருக்கும். எண்ணெயிலும் விஷயம் இருக்கிறது. தரமான புது ஆலிவ் எண்ணெய் தொண்டையைக் கமறும், இருமல் வரும். பச்சை நிறம் தரத்துக்கு அடையாளமில்லை. சுவை பார்க்கும் நடுவர்கள் நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்றே கருநீலக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, 28 டிகிரி வரை சூடாக்கி உறிஞ்சிப் பார்க்கிறார்கள். போட்டிக்கு வந்த எண்ணெயைக் குடித்த ஒருவருக்குக்கூட இருமல் வரவில்லை என்பதை, செக்கு எண்ணெயை முகர்ந்து பார்த்து வாங்கியே பழகிய பாட்டி கவனித்துவிட்டால் கலப்படக்காரன் அகப்பட்டான்.

எல்லாவற்றையும்விட வளமான துப்பு கடிகாரத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். இத்தாலியில் அந்த அக்டோபர் ஞாயிறு அதிகாலை 3 மணி ஆனதும் மறுபடி 2 மணி ஆகிவிடும். ஆக, அந்த இரவில் 2.30 இரண்டு முறை வரும். நம் நாட்டில் இந்த மாற்றமே கிடையாது. முதல் 2.30-க்குச் சென்னையில் காலை 6 மணி, இரண்டாவது 2.30-க்குக் காலை 7 மணி.

இதை வைத்து ஒரு கதை கட்டலாம். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள கிராமம் ஒன்றில், அந்த அக்டோபர் இரவு 2.30-க்குப் பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்து உடையும் சத்தம். சந்தேகத்துக்குரியவன் அரை மணி நேரத் தொலைவிலுள்ள மதுக்கடையில் 2.40-க்கு நிற்பதைக் கேமரா காட்டுகிறது. பத்து நிமிடத்தில் போயிருக்க முடியாது என்று அவனை விட்டுவிடுகிறார்கள். பாட்டிக்கு வயதுக்கேற்ற தூக்கமின்மை. மேற்கு மாம்பலத்துத் தங்கை வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருப்பாள் என்று கணக்குப் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு “என்னடி அது?” என்று தங்கை அங்கிருந்து கேட்டது, அவள் போனில் பதிவான நேரப்படி காலை 6 மணி. அப்படியானால் சத்தம் கேட்டது முதல் 2.30. கேமராவின் 2.40 இரண்டாவது சுற்று என்றால் இடையில் 70 நிமிடம் இருக்கிறது. இங்கே பலர் சறுக்குவார்கள்: அந்த 2.40 எந்தச் சுற்று என்பதற்கும் சான்று வேண்டும். கடையின் பில் எண்கள் வரிசையாக ஓடுபவை. 2.50-க்குப் போட்ட பில்லுக்கு அடுத்த எண்களில் அவனுடைய 2.40 பில் இருப்பதைக் காட்டினால் போதும். இன்னொரு எச்சரிக்கை: இத்தாலிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. வருஷம் முழுக்க நாலரை என்று வைத்தால் தொலைபேசித் துப்பு எதுவும் நிற்காது.

விஷத்துக்கு அரளி வேண்டாம். மத்தியதரைக் கரையெங்கும் சாலையோரத்தில் பூத்துக் கிடப்பது உண்மைதான், ஆனால் தமிழ் வாசகருக்கு அதைப் பார்த்ததுமே முடிச்சு அவிழ்ந்துவிடும். எந்த விஷமானாலும் அளவு, தயாரிப்பு முறை ஆகியவற்றை அச்சில் தராமல் வெட்டிவிடுங்கள். கதைக்கு அவை தேவையில்லை, படிப்பவர் எல்லோரும் கதைக்காக மட்டும் படிப்பதில்லை.

அடுத்து நகைச்சுவை. காது கேட்கவில்லை, மறதி, மூட்டுவலி என்று பாட்டியைச் சிரிப்புப் பொருளாக்குவது சோம்பல். வங்கி குமாஸ்தாவாக இருந்த சாம்புவை 1940-களில் விகடனில் தேவன் உலவவிட்டபோது, அசட்டுத்தனமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து வழக்கை முடித்தன. அந்த வித்தை அவரோடு சரி. வயதானவர் துப்பறிய அதிர்ஷ்டம் வேண்டாம், நாற்பது வருஷம் மனிதர்களைப் பார்த்த அனுபவம் போதும். 1927-இல் அறிமுகமான, அகதா கிறிஸ்டியின் முதிய துப்பறிவாளர் மிஸ் மார்பிள் எந்தக் குற்றத்தையும் தன் கிராமத்து ஆட்களோடு ஒப்பிட்டே அவிழ்ப்பார். நம் பாட்டிக்கு ஒண்டுக்குடித்தனத்தில் தண்ணீர்க் குடத்துக்கு நடந்த சண்டைகள் இருக்கின்றன.

நகைச்சுவைக்கு இந்த வகைக் கதையில் ஒரு உண்மையான வேலை உண்டு: துப்பை மறைப்பது. சிரித்துக்கொண்டே வாசகர் அதைக் கடந்துவிட வேண்டும். பாட்டி சிசிலியில் டாக்சி ஏறும்போது சென்னைப் பழக்கத்தில் முன்பக்கம் இடது கதவைத் திறந்து ஓட்டுநர் மடியில் உட்காரப் போகிறாள். சிரிக்கிறோம். பிறகு ஒரு சாட்சி, ‘இடப்பக்கம் இருந்த பெண்தான் ஓட்டினாள்’ என்கிறான். ஆனால் அந்தக் கார் பக்கத்துத் தீவு நாடான மால்டாவிலிருந்து கப்பலில் வந்தது. மால்டாவில் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். அந்தப் பெண் சும்மா உட்கார்ந்து வந்தவள்! இதைப் பாட்டி ஒருத்திதான் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியும். மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி. பாட்டி ஓய்வு பெற்ற ஆசிரியை என்றால் அங்கே யாரையும் தயங்காமல் விசாரிக்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பதால் வழக்குக்குக் கெடுவும் தானாக அமைந்துவிடுகிறது. இத்தாலியில் கொலை விசாரணையை நடத்துவது அரசு வழக்கறிஞர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; ஊர்க் காவல் அதிகாரி தானாக முடிவெடுத்துவிட முடியாது.

1,500 சொல்லில் கதை என்றால் சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேருக்கு மேல் தாங்காது. முக்கியத் துப்பு முதல் 500 சொல்லுக்குள் வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும், கடைசிப் பத்தியில் புதிதாக வந்து குதிக்கக் கூடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கதையை ஒரு ஞாயிறும் தீர்வை அடுத்த ஞாயிறும் வெளியிடுங்கள். இடைப்பட்ட வாரத்தில் விடையையும், எந்த வரியில் துப்பு இருந்தது என்பதையும் வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
துப்பறியும் கதை வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.