தமிழுக்கும் ஒரு பஸ்ஸர் போட்டி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் இங்கே வர்ஜீனியாவில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் லத்தீன் எடுத்திருக்கிறாள். அவளோடு 'கெர்டாமென்' என்ற வினாடி வினாப் போட்டிகளுக்குப் போய் மதிப்பெண் குறித்துக் கொடுப்பது என் வேலை. கெர்டாமென் என்றால் லத்தீனில் போட்டி என்றுதான் பொருள். 1936இல் தொடங்கிய ஜூனியர் கிளாசிக்கல் லீக் என்ற மாணவர் அமைப்பில் இது ரொம்பப் பிரபலம்.

அணிக்கு நான்கு பேர். முதல் கேள்விக்கு பஸ்ஸரை அழுத்தியவர் யாரையும் கேட்காமல் தானே பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் 10 மதிப்பெண். அப்புறம் அந்த அணிக்கு மட்டும், தலா 5 மதிப்பெண்ணுக்கு, இரண்டு போனஸ் கேள்விகள். அதற்கு நால்வரும் கலந்து பேசலாம். எனக்குப் பிடித்ததே அந்தச் சில விநாடிகள்தான். ஒருமுறை, 'மசில்' என்ற ஆங்கிலச் சொல் எந்தப் பிராணியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். மூன்று பேர் விழித்தார்கள். அணியிலேயே சின்னப் பையன் முழங்கையை மடக்கி, புஜத்தில் தசை ஏறி இறங்குவதைக் காட்டினான். தோலுக்கடியில் ஏதோ ஓடுகிற மாதிரியே இருந்தது. "மூஸ்! எலி!" என்று நால்வரும் ஒரே மூச்சில் கிசுகிசுத்தது என் மேசை வரை கேட்டது.

இலக்கணக் கேள்விகளும் உண்டு. 'புயெல்லாய்' என்ற ஒரே வடிவம் பெண்ணின், பெண்ணுக்கு, பெண்கள் என மூன்று பொருளும் தரும். இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். "அம்மா, நடுவுல இருக்கிறது நம்ம நாலாம் வேற்றுமைதானே?" என்றாள் என் மகள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஐ, ஆல், கு என்று வேண்டாவெறுப்பாக ஒப்பித்தவள் அவள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் தமிழ்ப் பள்ளிகளில் பேச்சுப் போட்டியும் குறள் ஒப்பித்தலும் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் மறந்துபோன குழந்தை மேடையில் தனியாக நிற்கிறது. பக்கத்தில் கிசுகிசுக்க ஆள் இல்லை. 'மரத்தை' என்ற சொல்லில் மரத்துக்கும் ஐ உருபுக்கும் நடுவே வந்த சாரியை எது என்று நான்கு குழந்தைகளிடம் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். 'அத்து' என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை மட்டும் முயன்று பார்க்க வேண்டும். மதிப்பெண் குறிக்க நான் வருகிறேன்.

ஒரு வாசகி,
வர்ஜீனியா, அமெரிக்கா