வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டைச் சீர்ப்படுத்துவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆண்டு இறுதி நெருங்கினால் எங்கள் வன்பொருள் கடைக்கு வருவோர் கேட்கும் பொருள்கள் மாறிவிடும். இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் பசைக்குழாய், பூஞ்சைக் கொல்லி, ஈரம் உறிஞ்சும் பெட்டி ஆகியவை டிசம்பர் பிறந்ததும் ஒரே மூச்சில் விற்றுத் தீர்கின்றன. விற்பனைக்கு நல்லதுதான்; ஆனால் அவற்றில் பாதி, வாங்கும் வேளை தவறிப்போனதால் பயன்படாமல் போவதையும் பார்க்கிறோம். எந்த வேலையை எப்போது செய்தால் காசு வீணாகாது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதி வரை நீடிக்கிறது. முதல் இரண்டு மாதங்கள் மழைக்காலம். பிப்ரவரியிலிருந்து காற்று இருக்கும், மழை குறையும். வட ஆசியாவின் குளிர்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வலுப்பெற்று வரும்போது, நாள் முழுக்க, சில வேளைகளில் தொடர்ந்து பல நாள்களுக்கு மழை பெய்கிறது. 2021-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளிலும் மறுநாளிலும் சாங்கியில் பெய்த மழை 318.6 மில்லிமீட்டர், ஜனவரி மாதம் முழுமைக்குமான சராசரியே அப்போது 238.3 மில்லிமீட்டர்தான். குளிரைப் பொறுத்தவரை, இங்கு பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறத்தாழ 19 டிகிரி செல்சியஸ்தான். ஒரு போர்வையில் அடங்கும் குளிர் அது. நம் வீடுகளைக் கெடுப்பது ஈரம். வெளியிலிருந்து நுழையும் நீரைத் தடுப்பதும், உள்ளே சேரும் ஈரத்தை வெளியேற்றுவதும்தான் நாம் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்.

முதலில் சன்னல்கள். காற்றோடு சாய்வாக அடிக்கும் மழை, சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெடித்துப்போன சிலிக்கான் வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே வருகிறது. பழைய சிலிக்கானின் மேலேயே புதியதைப் பூசுவது எங்கும் காணும் வழக்கம். அது ஒட்டாது, சில மாதங்களில் தோல்போல உரிந்து வரும். பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, தூசியைத் துடைத்து, பரப்பு நன்கு காய்ந்த பிறகே பூச வேண்டும். பூசிய பின்னும் ஒரு நாளாவது நனையாமல் இருக்க வேண்டும். மழை விடாது பெய்யும் ஜனவரியில் இதற்கு வாய்ப்பு அரிது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலை நேரத்தை இந்த வேலைக்கு ஒதுக்கலாம். வாங்கும்போது காடி வாசம் வீசாத, நடுநிலை வகைச் சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள். சிமெண்டுச் சுவருக்கும் உலோகச் சட்டத்துக்கும் அதுவே ஏற்றது.

சன்னலைப் பார்க்கும்போது அதன் பாகங்களை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளையும் பாருங்கள். வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளை அகற்றித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்த வேண்டும் என்பது 2004 முதல் சட்டக் கட்டாயம். பராமரிப்புக் குறைவால் சன்னல் கழன்று விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ரிவெட்டு மாற்றுவது கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற குத்தகையாளர் செய்ய வேண்டிய வேலை. எங்களிடம் ரிவெட்டு வாங்கி நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம்.

கூரையிலோ சுவரிலோ கறை தென்பட்டால், சாயம் வாங்குமுன் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். மழை நாளில் மட்டும் கறை கோட்டைத் தாண்டினால் நீர் வெளிச்சுவர் வழியாக வருகிறது எனலாம். மழையில்லாத நாளிலும் வளர்ந்தால், அதுவும் குளியலறைக் கூரையில் வளர்ந்தால், மேல்மாடி வீட்டின் தரைக்கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இத்தகைய கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் கூட்டுப் பொறுப்பு. வீவகவின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்வர். அண்டை வீட்டாரிடம் சச்சரவைத் தொடங்குமுன் இதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்வது நல்லது.

உள்ளே சேரும் ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. குளிராக இருக்கிறது என்று சன்னல்களை எல்லாம் சாத்தி, குளிர்சாதனத்தையும் நிறுத்தி, துணிகளை வரவேற்பறையில் காயப்போட்டால், துணியின் ஈரம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சில நாள்களில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படரும். மழை விட்ட நேரத்தில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். துணி காயும் அறையில் மின்விசிறியை ஓடவிடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். தீபாவளிக்குக் கட்டிய பட்டுச்சேலைகளைக் காற்றாட விடாமல் மடித்து வைத்தால் சரிகை கறுக்கும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். ஈரம் உறிஞ்சும் பெட்டி மூடிய அலமாரிக்குள் மட்டுமே பயன் தரும். திறந்த அறையில் வைப்பது வீண் செலவு. அதை விற்கும் நாங்களே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

பூஞ்சையின் மேல் சாயம் பூசினால் அது மீண்டும் வெளிவரும்; முதலில் அதைக் கொன்று, கழுவி, சுவரை உலரவிட வேண்டும். வெளுப்பு நீரைப் பயன்படுத்துவோர் அதனுடன் காடியையோ கழிவறை அமிலத்தையோ கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

மரக்கதவு உப்பி இறுகுவது இக்காலத்தில் இயல்பு. உடனே இழைத்துவிடாமல் பிப்ரவரி வரை பொறுத்திருங்கள். உலர்ந்ததும் அது பெரும்பாலும் தன் அளவுக்குத் திரும்பும். மழைக்காலத்தில் இழைத்த கதவு வெயில் காலத்தில் இடைவெளி விட்டு ஆடும். பழைய வீடுகளில் துணி உலர்த்தும் கழியைச் செருகும் குழாய்களைப் பயன்படுத்தாத நேரத்தில் மூடி வையுங்கள், கொசு முட்டையிடும். தரைவீடுகளில் இருப்போர் கூரை வடிகாலின் சருகுகளை மழைக்கு முன்பே அகற்றிவிட வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மழை நாள்களில் அது அடிக்கடி தானாகவே மின்சாரத்தைத் துண்டித்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

சிலிக்கான் பூசும் பணிக்கு எங்கள் ஆள்கள் நவம்பர் இறுதி வரை காலை நேரங்களில் மட்டும் வருவார்கள். அதன் பிறகு பதிவு செய்வோருக்குப் பிப்ரவரியில்தான் நாள் ஒதுக்க முடியும். கடைக்கு வரும்போது கசியும் இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தால், என்ன வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று சொல்வது எங்களுக்கு எளிதாக இருக்கும்.

இங்ஙனம்,
கடை நிர்வாகத்தினர்