அம்மாவுக்கு, கப்பலில் ஏழு நாள்

ஹூஸ்டன்
மார்ச் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் அப்பாவும் தம்பி குடும்பமும் நலமாயிருக்க பியர்லாண்ட் மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கப்பலைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதற்குள், "அதெல்லாம் இருக்கட்டும், பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதே" என்று பேச்சை முடித்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதம் என்றால் நீ இரண்டு முறை படிப்பாய், மூன்றாம் முறை பக்கத்து வீட்டுச் சித்திக்கு வாசித்துக் காட்டுவாய். ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம் பள்ளி விடுமுறை. இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. விடுமுறை என்றாலே சேர்ந்து கிடக்கும் வேலையை முடிப்பது என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம். இந்த முறை உன் மாப்பிள்ளை ஒரு வருடமாக மாதாமாதம் ஒதுக்கிவைத்த பணத்தில் டிக்கெட் வாங்கிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து கால்வெஸ்டன் துறைமுகம் காரில் ஒரு மணி நேரம். போகும் வழியில்தான் மீனாட்சி கோயில். கும்பிட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினோம்.

கப்பலின் பெயர் 'ஹார்மனி ஆஃப் த சீஸ்'. பிரான்சில் கட்டி 2016-இல் ஓடத் தொடங்கியது. எவ்வளவு பெரியது என்று உனக்கு எப்படிச் சொல்வது? நம் ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் வடக்குப் பக்கம் 640 அடி நீளம். ஒரு முனையில் நின்றால் மறுமுனைத் தூண்கள் கண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அந்தத் தூரம். கப்பலின் நீளம் 1,188 அடி. நிரம்ப ஏற்றினால் 6,000 பேருக்கு மேல் பயணம் செய்யலாம். வேலை செய்கிறவர்களே 2,000 பேருக்கு மேல். துறைமுகத்தில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. சின்ன வயதில் தனுஷ்கோடியில் உன் அய்யாவின் தோளில் உட்கார்ந்து, இர்வின், கோஷன் கப்பல்கள் இலங்கையின் தலைமன்னாருக்குப் புறப்படுவதைப் பார்த்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய்! அவற்றில் ஒன்றில்கூட நீ ஏறியதில்லை. 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு படகில்கூடக் கால் வைத்ததில்லை.

அதனால் உனக்கு முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்வெஸ்டன் நம்முடையதைப் போலவே ஒரு தீவு. 1900 செப்டம்பர் 8-ஆம் தேதி புயலும் கடலும் சேர்ந்து வந்து, ஒரே இரவில் 6,000 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். தனுஷ்கோடியை ஆள் குடியிருக்கத் தகாத இடம் என்று விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. ஏறத்தாழ 17 அடி உயரத்துக்குக் கடற்சுவர் எழுப்பினார்கள். வீடுகளைத் தூக்கி நிறுத்தி, அடியில் மணலைக் கொட்டி, ஊரையே உயர்த்தினார்கள். காரில் அந்தச் சுவரையொட்டிப் போனபோது உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன், "எங்கள் அம்மா இந்த ஊரை ஒரு முறை பார்க்க வேண்டும்" என்று. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கொஞ்ச நேரம் இறங்கி நின்றோம்.

மாலையில் கப்பல் கிளம்பியது. கரையோரத்தில் கடல் பழுப்பாகத்தான் இருக்கிறது. ஆற்று வண்டலும் மணலும் கலந்த நீர். பெலிக்கன் பறவைகள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. இரண்டு ஓங்கில்கள் தலைகாட்டின. இருட்டியதும் எண்ணெய்க் கிணற்று மேடைகள் கடல் நடுவே விளக்கேற்றி வைத்ததுபோல் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மறுநாள் காலை கண் விழித்துப் பார்த்தால் நீர் மயில் கழுத்து நிறம்!

கப்பலில் செய்வதற்கு ஆயிரம் இருக்கின்றன. எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். விடியற்காலையில் ஐந்தாம் தளத்தில் நடப்பது. கப்பலைச் சுற்றி வரும் நடைபாதை அது. ஒரு சுற்று ஏறத்தாழ 700 மீட்டர். ஒரு பக்கம் கடல், தலைக்கு மேலே உயிர்காப்புப் படகுகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த நேரத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. காபி டம்ளரோடு மூன்று சுற்று. பதினொரு வருடத்தில் அவசரமில்லாமல் நான் குடித்த காபி அதுதான்.

பிறகு அந்தப் பூங்கா. கப்பலின் நடுவே, எட்டாம் தளத்தில், கூரையில்லாமல் வானம் பார்த்தபடி ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். 10,000-க்கும் மேற்பட்ட செடிகள், மரங்கள், கொடிகள். எல்லாம் உயிருள்ளவை, நான் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். இரவில் சாப்பிட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியில் சில்வண்டுச் சத்தம் மெல்லக் கேட்கும். இரண்டு பக்கமும் சுவர்போல அறைகள் எழும்பி நிற்பதால் கடல் கண்ணில் படாது, காற்றும் அடங்கியிருக்கும். நடுக்கடலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. இதை நினைவில் வைத்துக்கொள், அம்மா. கடைசியில் இதைப் பற்றி ஒன்று கேட்கப் போகிறேன்.

பெரியவனுக்குப் பிடித்தது பத்து மாடி உயரச் சறுக்கு. பதினாறாம் தளத்தில் ஒரு பாயில் உட்காரவைத்து இருட்டுக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறார்கள். சில நொடிகளில் ஆறாம் தளத்தில் வந்து விழுகிறான். ஐந்து முறை போனான். சின்னவளுக்கு மரக்குதிரை ராட்டினம். அதோடு, இயந்திரக் கைகள் குப்பிகளைக் குலுக்கிப் பானம் ஊற்றும் கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடித் தடுப்பில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றவளை இழுத்துவரப் பெரும்பாடு. பனிச்சறுக்குக் காட்சியும் பார்த்தோம். வெளியே கரீபியன் வெயில், உள்ளே உறைந்த பனித்தரை.

எல்லாவற்றையும் விட என்னைக் கட்டிப்போட்டது நீர் அரங்கம். கப்பலின் பின்பக்கத்தில் ஆழமான ஒரு குளம், இரண்டு பக்கமும் குதிக்கும் மேடைகள். உயரமானது 10 மீட்டர். பின்னால் இருண்ட கடல், கப்பல் கிழித்துவிட்டுப் போகும் வெள்ளை நுரை. ஒரு பெண் மேடை நுனிக்கு வந்தாள். உடனே குதிக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு, கீழே குளத்து நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். கப்பல் அசையும்போது குளமும் அசையும் அல்லவா? அது நிதானப்படும் நொடிக்குக் காத்திருந்து, பிறகு போனாள். நீர் தெறித்ததுகூடத் தெரியவில்லை. அலை எண்ணிப் படகு தள்ளும் அப்பாவை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அதே பார்வை அவள் கண்ணில்.

இனி சாப்பாடு. நீ இதைத்தான் தேடிக்கொண்டிருப்பாய்.

காலையும் மதியமும் பதினாறாம் தளத்தில் பஃபே. வாசலிலேயே கை கழுவும் தொட்டிகள்; ஒருவர் பாட்டுப் பாடி எல்லோரையும் கை கழுவ வைக்கிறார். உள்ளே பத்து நாட்டுச் சாப்பாடு. தினமும் ஏதாவது ஒரு இந்தியக் குழம்பு, சோறு இருக்கும். சில நாள் கடலைக் குழம்பு, சில நாள் கோழி. காரம் நமக்குப் போதாது. ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன். இவையெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். தனி உணவகங்களும் உண்டு, அவற்றுக்குத் தனிக் கட்டணம், நாங்கள் போகவில்லை. பணியாளர்களுக்கான அன்பளிப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல் ஆகிறது. நாலு பேருக்கு ஏழு நாள் என்றால் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டிய தொகைதான். ஆனால் அவர்கள் உழைப்பைப் பார்த்த பிறகு அதில் ஒரு காசு குறைக்க எனக்கு மனம் வராது.

இரவுச் சாப்பாடு மூன்று தளங்களில் விரியும் பெரிய கூடத்தில். ஒவ்வோர் இரவும் அதே நேரம், அதே மேசை, பரிமாறுகிறவரும் அதே ஆள். எங்களுக்கு வாய்த்தவர் கோவாக்காரர். இரண்டாம் நாளே எங்கள் நாலு பேர் பெயரும் மனப்பாடம். வீட்டில் அவருக்கு ஆறு வயதுப் பெண் இருக்கிறாள். கப்பலில் ஒரு தடவை வேலைக்கு ஏறினால் மாதக்கணக்கில் இறங்க முடியாது. "கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் விழவில்லை" என்றார். தட்டு வைத்தபடியே சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் இரவு வடக்கிலிருந்து வாடை பிடித்தது. கப்பல் லேசாக ஆடியது. சின்னவள் முகம் வெளுத்து மேசையில் தலை சாய்த்துவிட்டாள். அவர் ஓடிப்போய்ப் பச்சை ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். கடல் மயக்கத்துக்குக் கப்பல்காரர்களின் கைவைத்தியமாம். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் கேட்டாள். "நாளைக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று என்னிடம் கேட்டார். "சோறும் பருப்பும்" என்றேன். முந்தைய இரவே சொல்லிவிட்டால் சமையலறையில் செய்துதருவார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் எல்லோருக்கும் இறைச்சி வந்தபோது எனக்கு மட்டும் ஆவி பறக்கும் பருப்பு, காய்கறிக் குழம்பு, சோறு, மேலே இரண்டு அப்பளம்.

நல்ல உடை உடுத்தி வரச் சொன்ன இரவு ஒன்று. நீ எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டினேன். அன்று சிங்கி இறால். அம்மா, அவர் அதைப் பரிமாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கையிலேயே கரண்டியையும் முள்கரண்டியையும் பிடித்துக்கொண்டு, ஓட்டுக்குள் நுழைத்து ஒரு திருப்பு. சதை முழுசாக, ஒரு நார்கூட ஒட்டாமல் வெளியே வந்தது. உருக்கிய வெண்ணெயை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

அப்பாவின் வலையில் சிங்கி பட்டால் என்ன நடக்கும்? உயிரோடு ஈரச் சாக்கில் பொதிந்து நேராகக் கம்பெனிக்குப் போய்விடும். ஓடு உடைந்ததோ கால் ஒடிந்ததோதான் வீட்டுக்கு வரும். அதையும் எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து வெறும் ஓட்டை நீ உறிஞ்சிக்கொண்டிருப்பாய். "ஓட்டில்தான் ருசி" என்பாய். நாங்களும் நம்பினோம். முழுச் சிங்கியை முதல் முறையாக வாயில் வைத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மா. ருசி சதையில்தான் இருக்கிறது.

எங்கள் மேசையில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. ஏழு இரவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

இடையில் இறங்கிய ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவு, மெக்சிகோவின் கோஸ்டா மாயா, கொசுமேல். கொசுமேலில் கடல் நம் பெண்கடலைப் போல அலையில்லாமல் தெளிந்து கிடந்தது. முழங்கால் நீரில் நின்றால் கால் விரலுக்கிடையே மீன் போவது தெரிகிறது. கோஸ்டா மாயாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் சாக்சோபென் என்ற இடத்தில் மாயர்களின் பழைய கற்கோயில்கள். படியில் ஏற விடுவதில்லை. காட்டுக்குள் நின்று பார்க்கலாம். பெரியவன் அதைப் பற்றிப் பள்ளியில் பேசப் போகிறானாம். அவனே உனக்குப் போனில் சொல்வான்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த மார்ச்சில் நீயும் அப்பாவும் இங்கே வர வேண்டும். பாஸ்போர்ட் பேச்சை எடுத்தாலே "என் பிறப்புப் பதிவு தனுஷ்கோடியோடு கடலுக்குள் போய்விட்டது" என்று ஒதுங்கிக்கொள்கிறாய். விசாரித்துவிட்டேன். 1957-இல் பிறந்தவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை. பிறந்த தேதியுள்ள பான் அட்டையோ வாக்காளர் அட்டையோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். தம்பி மதுரை அலுவலகத்துக்கு உரிய விண்ணப்பத்தைப் போட்டுவிடுவான். விசாவுக்குச் சென்னையில் நேர்காணல் இருக்கும். பல முறை நுழையும் விசாவாகக் கேட்க வேண்டும். கப்பல் ஹோண்டுராஸ், மெக்சிகோ போய்த் திரும்புவதால் ஒரு முறை நுழைவு போதாது. அப்பாவிடம் அணியத்தில், கப்பலின் முன்முனையில், நின்று பார்க்கும் இடம் இருக்கிறது என்று சொல், அவர் மறுக்க மாட்டார்.

உனக்குக் கடலைப் பார்க்க மனமில்லை என்றால் அதற்கும் வழியிருக்கிறது. முன்னால் சொன்னேனே, அந்தப் பூங்கா, அதைப் பார்த்தபடியே பால்கனி உள்ள அறைகள் இருக்கின்றன. கதவைத் திறந்தால் மரமும் செடியும்தான் தெரியும். அலைச் சத்தம்கூட வராது.

பூங்காவைப் பார்த்த அறையா, கடலைப் பார்த்த அறையா? அதை மட்டும் பதில் எழுது.

உன் மகள்