புல்லு மருந்து விக்கிற அண்ணன்மாருக்கு

காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை பக்கம் உரக்கடை வச்சிருக்கிற அண்ணன்மாருக்கு வணக்கம். சண்டை போட எழுதல, நானும் உங்ககிட்ட கடன் சொல்லி யூரியா வாங்குற ஆளுதான்.

எங்க சித்தப்பா இருபது வருசமா கூலிக்கு பாராகுவாட்டுங்கிற புல்லு மருந்து அடிச்சவரு. டேங்க் மூடி ஒழுகும், பழைய துணிய அடைச்சு முதுகுல மாட்டிக்குவாரு, சாயங்காலம் பாத்தா சட்டை முதுகு பூரா நனைஞ்சு கெடக்கும். இப்ப கை சும்மா இருக்கும்போதே விரலு ரெண்டும் பீடி சுத்துற மாதிரி உருண்டுகிட்டே இருக்கு, அவரு பீடி தொட்டதே இல்ல. பார்க்கின்சன், அதான் நடுக்குவாதம். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறப்பவே "இன்னிக்கு என்ன சமையல்"னு கேப்பாரு, நாங்க சிரிப்போம், வாசனை போறது இந்த நோயோட முன்னோட்டம்னு அப்ப யாருக்குத் தெரியும்.

இந்த மருந்தாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வயசு, பரம்பரை, சூழல் எல்லாம் சேந்து வர்ற நோய் இது, தனியா ஒரு ஆளுக்கு எதனால வந்துச்சுன்னு கையக் காட்டிச் சொல்ல முடியாது. ஆனா 1982ல கலிபோர்னியாவுல திருட்டுத்தனமா காய்ச்சுன போதை ஊசிய போட்ட சில பேரு கொஞ்ச நாள்லயே கை கால் அசையாம கல்லா உறைஞ்சு போனாங்க. அதுல கலந்திருந்த எம்பிடிபிங்கிற சமாச்சாரம் மூளைக்குள்ள போயி வேற விசமா மாறி, கை கால் அசையிறதுக்கு வேணுங்கிற டோபமின் சுரக்கிற செல்ல கொன்னுருச்சு. அந்த விசத்தோட அமைப்பும் பாராகுவாட் அமைப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு.

நம்ம ஊரு வீட்டுல முகப்புத் திண்ணையில யாரு வேணா உக்காரலாம், வளவுக்குள்ள வர ஆளு தெரியணும்ல, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல அப்படி ஒரு தடுப்பு இருக்கு. பாராகுவாட்ட தடுக்கத்தான் செய்யும், ஆனா புரதத்துல உள்ள அமினோ அமிலம் உள்ள போற வாசல் இருக்கே, அது வழியா கொஞ்சம் நுழையுதுன்னு எலி சோதனையில பாத்திருக்காங்க. கொடுமை என்னன்னா இந்த நடுக்குவாதத்துக்கு சித்தப்பா சாப்பிடுற லெவோடோபா மாத்திரையும் அதே வாசல்லதான் போகணும், அதான் கறி முட்டையோட சேத்துப் போட்டா மாத்திரை சரியா வேலை செய்யாது.

ஐரோப்பிய யூனியன்ல 2007லயே பாராகுவாட்டுக்குக் குடுத்த அனுமதிய கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு. நீங்க விக்காதீங்கன்னு சொன்னா கேக்கப் போறதில்ல, தெரியும். ஆனா ஒரு கடையில இத குவார்ட்டர் பாட்டில்ல ஊத்தி லேபிளே இல்லாம குடுத்தத கண்ணால பாத்தேன், அத மட்டுமாவது விடுங்க, வாய் தவறி உள்ள போனா முறிவு மருந்தே கெடையாது. கூட ஒரு ஜோடி ரப்பர் கையுறை குடுங்க, டேங்க் வாஷர் ஒண்ணும் எடுத்து வையுங்க. முதல் பெட்டி கையுறைக்கு காசு நான் தர்றேன், யூரியா பாக்கியில சேத்து எழுதிக்கங்க.