பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியச் சேவையையும் எடுத்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் பனியன் நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சேமிப்பைப் பற்றித் தங்கள் இதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை, மாதக் கடைசியில் கையில் கொஞ்சமாவது மிஞ்சுகிறவர்களுக்கானவை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறன்று மளிகைக் கடைப் பாக்கியையும் திங்களன்று மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையையும் கட்டிவிட்டு வெறுங்கையோடு வேலைக்கு வரும் தையல் தொழிலாளிக்கு, முதுமைக்கென்று தானாகச் சேர்கிற ஒரே பணம் பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிதான். வேலை மாறும்போது அந்தப் பணத்தை எடுக்கிற விதத்தில் நடக்கும் ஒரு தவற்றைப் பற்றியே இக்கடிதம்.

சென்ற மாதம், எங்கள் நிறுவனத்தில் ஓவர்லாக் டெய்லராக இருந்த ஓர் அம்மையார் மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்தார். "எனக்கு 58 முடிஞ்சுதுங்க சார், பென்ஷனுக்கு எழுதிப்போடணும்" என்றார். பைக்குள் மூன்று நிறுவனங்களின் அடையாள அட்டைகளும், பி.எஃப். எண்கள் எழுதிய துண்டுச் சீட்டுகளும், ஒரு வங்கிப் புத்தகமும் இருந்தன. முதல் நிறுவனத்தில் ஆறு ஆண்டு, எங்களிடம் ஐந்து, கடைசி நிறுவனத்தில் எட்டு என மொத்தம் 19 ஆண்டுகள் அவர் கணக்கில் பணம் பிடித்திருக்கிறார்கள். ஆனாலும் அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப்படி மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து ஆண்டுச் சேவை, அதாவது ஓய்வூதியக் கணக்கில் சேரும் வேலைக்காலம், வேண்டும். முதல் இரண்டு நிறுவனங்களை விட்டு வந்தபோதெல்லாம் பி.எஃப். தொகையோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டதால், அந்த 11 ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்து, எட்டு ஆண்டு மட்டுமே நிற்கிறது.

எங்கள் நிறுவனத்தை விட்டு அவர் போனது 2013-இல். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அடகு வைத்த கம்மலுக்கு வட்டி ஏறிக்கொண்டே போனதால், பி.எஃப்.-ஐ எடுத்துத் தரும்படி கேட்டார். பி.எஃப். தொகையை எடுப்பதற்கான 19 எண் படிவத்தையும் ஓய்வூதியப் பங்குக்கான 10சி படிவத்தையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். எல்லோருக்கும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். 10சி வழியாக அவருக்கு வந்தது ஏறத்தாழ 30,000 ரூபாய். அந்தப் படிவத்தில் இரண்டு வழிகள் உண்டு என்பதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று அவர் கணக்கில் 13 ஆண்டுகள் இருந்திருக்கும். அந்த வருத்தமே என்னை இதை எழுத வைக்கிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் 12 விழுக்காடு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. நிறுவனம் போடும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்கும், எஞ்சிய 3.67 விழுக்காடு பி.எஃப்.-க்கும் பிரிகின்றன. 2014 செப்டம்பர் முதல் ஓய்வூதியத்துக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், அந்தப் பங்கு மாதம் 1,250 ரூபாயைத் தாண்டாது. பி.எஃப். கணக்கில் உள்ளது வட்டியோடு வளரும் தொகை. ஓய்வூதியத்தில் வளர்வதோ சேவை ஆண்டுகள். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றும்போது, பாஸ்புக்கில் ஓய்வூதியப் பகுதியில் தொகை எதுவும் வந்து சேர்ந்ததாகக் காட்டாது. அதைக் கண்டு பணம் போய்விட்டதென்று பதறி, "அடுத்த முறை எல்லாத்தையும் எடுத்துடணும்" என்று முடிவு செய்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். தொகை வராவிட்டாலும் ஆண்டுகள் வந்து சேர்ந்துவிடும்.

பத்து ஆண்டு நிறையாதவர் 10சி படிவத்தில் பணமாகக் கேட்டால், சேவை ஆண்டு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கிடைக்கும். அதோடு அந்த ஆண்டுகள் தீர்ந்துபோகும். அதே படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேட்டால் ஆண்டுகள் அப்படியே காக்கப்பட்டு அடுத்த நிறுவனத்தின் சேவையோடு சேரும். 10சி கொடுக்காமலே விட்டாலும் ஆண்டுகள் அழியா. கடன் கழுத்தை நெரிக்கும்போது பி.எஃப். தொகையை மட்டும் 19 எண் படிவத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வேலையில் இருக்கும்போதே மருத்துவம், படிப்பு, திருமணம், வீடு ஆகியவற்றுக்கு முன்பணம் பெறவும் வழி உண்டு. அதுவும் ஓய்வூதியச் சேவையைத் தொடுவதில்லை.

சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய் உள்ளவர் பத்து ஆண்டுச் சேவையோடு 58 வயதை அடைந்தால், சம்பளத்தை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் கணக்குப்படி மாதம் 2,000 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாத்திரைக்கும் பாலுக்கும் மகனிடம் கைநீட்டாமல் இருக்க அது போதும். அவருக்குப் பின் துணைவருக்கும் பாதி கிடைக்கும். ஒன்பதரை ஆண்டு முடித்தவருக்கே அது பத்தாகக் கொள்ளப்படும் என்பதை அறியாமல், ஒன்பதாவது ஆண்டில் பணமாக எடுத்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சென்டர்களில் செய்கிறார்கள். அங்கே இருக்கும் தம்பி கேட்பது "ஃபுல்லா எடுத்துடலாங்களா?" என்ற ஒரே கேள்விதான், திரையில் உள்ள ஆங்கிலம் தொழிலாளிக்குப் புரிவதில்லை. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் குறைதீர் முகாம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் 'நிதி ஆப்கே நிகட்' என்ற அதன் இந்திப் பெயர் எங்கள் தொழிலாளருக்கு எதையும் சொல்வதில்லை. வேலை நாளில் வந்தால் ஒரு ஷிப்ட் சம்பளமும் போய்விடும். 10சி விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கு முன், "உங்கள் இத்தனை ஆண்டுச் சேவை அழியும், சம்மதமா?" என்று தமிழில் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப அந்நிறுவனம் முன்வர வேண்டும். கணக்கை முடித்துக் கொடுக்கும் டைம் ஆபீஸ் ஊழியர்களும் கையெழுத்து வாங்கும் முன் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. 10சி படிவத்தில் பணம், சான்றிதழ் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பகுதியைப் படமாகப் போட்டு, பக்கத்தில் தமிழில் விளக்கம் கொடுத்து, பள்ளிக் கட்டண நெருக்கடி வரும் ஜூன் மாதத்துக்கு முன் ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, எனக்குத் தெரிந்த நிறுவனங்களின் வாசலில் ஒட்டி வரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருப்பூர்.